ஆய்வுக்கூடத்திலிருந்து சென்ற தூதர்கள்

ஓர் அரசு பிற அரசுகளோடு பேச விரும்பும்போது யாரை அனுப்புவது என்பது மிகப் பழைய கேள்வி. வள்ளுவர் தம் நூலில் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார்; அது 69ஆம் அதிகாரம். அதற்கு உரை கண்ட பரிமேலழகர் தூதரை இருவகைப்படுத்தினார். அரசனது கருத்தை உள்ளத்தில் வாங்கிக்கொண்டு, இடமும் காலமும் அறிந்து, செய்தியைத் தாமே வகுத்துப் பேசுபவர் ஒரு வகையினர். சொல்லியனுப்பியதை மாற்றாமல் சொல்லித் திரும்புபவர் மற்றொரு வகையினர். முன்னவர் அமைச்சரோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கவர் என்பது உரைமரபு. இந்தப் பாகுபாடு மன்னர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. சுதந்திர இந்தியா ஆற்றல் ஆராய்ச்சித் துறையில் உலக நாடுகளோடு உறவு பூண்ட வரலாற்றைப் பார்த்தால் அதன் பொருள் நமக்கு நன்கு விளங்கும்.

போரும் சமாதானமும், எல்லையும் வாணிபமும் பேசப்பட்ட காலத்தில் சட்ட அறிவும் சொல்வன்மையும் உலகியல் தெளிவும் தூதருக்குப் போதியனவாக இருந்தன. 1946ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் பொருளாதார, சமூக மன்றம் முதன்முறையாகக் கூடியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் ஆற்காடு இராமசாமி முதலியார். அவர் வழக்கறிஞர், நிருவாகத்தில் ஊறித் தேர்ந்தவர். அந்த மன்றத்தின் வேலைக்கு அத்தகைய அனுபவமே தேவையாயிருந்தது. ஆனால் பத்தாண்டுகள் கழிவதற்குள் ஒரு புதிய பொருள் உலக அரங்கேறி இந்த மரபை மாற்றிற்று. அதுவே அணுவின் ஆற்றல்.

அணுவைப் பற்றிய ஓர் உடன்படிக்கையில் 'பயன்படுத்திய எரிபொருள்' என்ற இரண்டு சொற்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றைச் சட்ட நிபுணர் படிப்பார். பிழையின்றிப் பொருளும் சொல்லுவார். ஆயினும் அந்த எரிபொருளுக்குள் புளூட்டோனியம் என்னும் புதிய உலோகம் பிறந்திருக்கிறது என்பதையும், அதை வைத்திருப்பவரும் வைத்திராதவரும் 30 ஆண்டுகளுக்குப் பின் எந்நிலையில் இருப்பார்கள் என்பதையும் உலையின் இயல்பை அறிந்தவரே உடனே உணர்வார். வாசகம் எல்லாருக்கும் ஒன்று. அதன் விளைவைக் காணும் கண் எல்லாருக்கும் ஒன்றன்று.

இதனை இந்திய அரசு தொடக்கத்திலேயே உணர்ந்தது. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அணுசக்திக் கமிஷன் அமைக்கப்பட்டபோது அதன் உறுப்பினர் மூவரும் விஞ்ஞானிகளாகவே இருந்தனர். ஹோமி பாபா தலைவர். சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் கே. எஸ். கிருஷ்ணனும் ஏனைய இருவர். கிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தவர். டில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். 1954ஆம் ஆண்டு ஆகஸ்டில் அணுசக்தி இலாகா தனியாக அமைக்கப்பட்டது. அதன் செயலாளராகவும் பாபாவே நியமனம் பெற்றார். நேரே பிரதமர் நேருவுக்கே பொறுப்புடையவரானார். ஆராய்ச்சி செய்பவர், அதற்கு நிருவாகம் நடத்துபவர், வெளிநாட்டில் அதைப் பற்றிப் பேசுபவர் ஆகிய மூவரும் ஒருவரே என்ற நிலை இவ்வாறு ஏற்பட்டது.

இந்த ஏற்பாட்டைக் கேள்வியின்றி எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1948இல் அணுசக்தி மசோதா அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது எஸ். வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் அதன் இரகசிய விதிகளைக் குறித்துக் கேள்வி எழுப்பினார். அமெரிக்கச் சட்டத்திலும் பிரிட்டிஷ் சட்டத்திலும் உள்ளவற்றைக் காட்டி, நம் மசோதாவின் கட்டுப்பாடுகள் அவற்றினும் கடுமையானவை என்றார். நிபுணருக்கு இவ்வளவு அதிகாரம் தந்தால் அவரைக் கேட்பார் யார் என்னும் வினா அன்று பிறந்தது. இந்த வரலாறு நெடுகிலும் அவ்வினா நம்மோடு வருவதைக் காணலாம்.

1953ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையில் பேசினார். அணுவைச் சமாதானப் பணிகளுக்குப் பயன்படுத்த ஒரு சர்வதேச ஸ்தாபனம் வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பொதுச்சபை இதற்கென ஒரு விஞ்ஞான மகாநாடு கூட்டத் தீர்மானித்தது. பொதுக் காரியதரிசி ஹாமர்ஷெல்டுக்கு ஆலோசனை கூற ஏழு நாடுகளின் குழு ஒன்று அமைந்தது. அமெரிக்கா ராபியை அனுப்பியது; பிரிட்டன் காக்கிராப்டையும், கனடா லூயிஸையும், பிரான்ஸ் கோல்ட்ஷ்மிட்டையும், சோவியத் நாடு ஸ்கோபெல்ட்சினையும், பிரேஸில் கோஸ்டா ரிபெய்ரோவையும் நியமித்தன. இந்தியாவுக்காகப் பாபா அமர்ந்தார். எழுவரும் விஞ்ஞானிகள். காக்கிராப்டும் லூயிஸும் பாபாவும் கேம்பிரிட்ஜின் ஒரே ஆய்வுச் சூழலில் வளர்ந்தவர்கள். எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த அரசுகள் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கிய காலத்தில், அவ்வரசுகளின் பிரதிநிதிகள் தமக்குள் சமன்பாடுகளின் மொழியில் பேச முடிந்தது.

1955ஆம் ஆண்டு ஆகஸ்டு 8 முதல் 20 வரை ஜெனீவா நகரில் அந்த மகாநாடு நடந்தது. 73 நாடுகள் கலந்துகொண்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்து குவிந்தன. தலைவர் பீடத்தில் பாபா வீற்றிருந்தார். அப்போது இந்தியாவில் ஓர் அணு உலைகூட இயங்கவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பாபா தம் தலைமையுரையில் மனித வரலாற்றை ஆற்றலின் வரலாறாகவே வகுத்துக் காட்டினார். பின்பு, அணுக்கருக்களை இணைத்துச் சூரியனில் பிறப்பது போன்ற ஆற்றலைக் கட்டுப்பாட்டோடு வெளிக்கொணரும் வழி 20 ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்படும் என்றும் கூறினார். வல்லரசுகள் இத்துறை ஆராய்ச்சியை மறைத்து வைத்திருந்த நேரம் அது. அவையில் பரபரப்பு உண்டாயிற்று. எழுதிக் கொடுத்ததைப் படிக்கும் அதிகாரி இத்தகைய வாக்கியத்தைச் சொல்லியிருக்க இயலாது. இது தாமே வகுத்துரைக்கும் தூதரின் குரல். 1958ஆம் ஆண்டு இரண்டாம் ஜெனீவா மகாநாட்டில் அணு இணைப்பு ஆராய்ச்சி வெளிப்படையாக வைக்கப்பட்டது.

ஜெனீவாவை ஒட்டிய ஆண்டுகளில் கிடைத்த பயன் பேச்சோடு நிற்கவில்லை. பிரிட்டன் தந்த எரிபொருளைக் கொண்டு டிராம்பேயில் 'அப்ஸரா' உலை 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் இயங்கத் தொடங்கிற்று. கனடாவோடு 1956 ஏப்ரலில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக 'ஸைரஸ்' உலை 1960 ஜூலையில் இயங்கிற்று. அதற்கு வேண்டிய கனநீரை அமெரிக்கா அளித்தது. இடையில் 1957இல் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. வெளிநாட்டில் கிடைத்த வாய்ப்பை உள்நாட்டில் பயன்படுத்த ஆட்கள் வேண்டும் என்னும் தெளிவு அதில் இருந்தது. இந்தியா முழுவதிலுமிருந்து இளைஞர்கள் அப்பள்ளிக்கு வந்தனர்.

வரலாற்றில் ஜெனீவாவே பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் நிபுணர் தூதரின் உண்மையான சோதனை 1956ஆம் ஆண்டில் வந்தது எனலாம். சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் சட்டத்தை வகுக்க நியூயார்க்கில் நாடுகள் கூடின. உதவி பெறும் நாடு தன் உலைகளை ஸ்தாபனத்தின் கண்காணிப்புக்கு உட்படுத்த வேண்டும் என்றும், மிகுதியான அணுப்பொருளை ஸ்தாபனத்திடம் ஒப்படைக்கும்படி கேட்கலாம் என்றும் யோசனைகள் இருந்தன. பாபா எதிர்த்தார். உதவி கேட்பவருக்கு மட்டும் கண்காணிப்பு, முன்பே பெற்றிருப்பவருக்கு விடுதலை என்றால் உலகம் இரு சாதியாகப் பிரிந்துவிடும் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தின் அடியில் மண்ணைப் பற்றிய ஓர் அறிவு இருந்தது. இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி. கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக்கருகே மணவாளக்குறிச்சிக் கரையிலும் உள்ள கனிம மணலில் தோரியம் கலந்திருக்கிறது. தோரியத்தை நேரே எரிக்க முடியாது. முதலில் யுரேனியத்தை எரித்துப் புளூட்டோனியம் பெற வேண்டும்; புளூட்டோனியத்தை ஈனுலைகளில் இட்டுப் பெருக்க வேண்டும்; அதன் பின்னரே தோரியத்தின் காலம் வரும். இந்த மூன்று படித் திட்டத்தைப் பாபா 1954ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். ஆகவே புளூட்டோனியத்தை வெளியாரிடம் ஒப்படைப்பது நடுப்படியைப் பெயர்த்துவிடுவதற்கு ஒப்பாகும். முடிவில் ஒரு சமரச வாசகம் ஏற்கப்பட்டது: தன் சமாதானத் தேவைக்கு வேண்டியதை நாடு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்டதையே ஒப்படைக்கக் கோரலாம். உலையியல் அறியாத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நடுப்படியின் அருமை அவருக்குத் தெரிந்திராது.

அச்சட்டத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஸ்தாபனத்தின் ஆளுநர் சபையில் சில இடங்கள் அணு விஞ்ஞானத்தில் முன்னேறிய நாடுகளுக்கு உரியவை; உலகின் ஒவ்வொரு பகுதியிலும் முன்னேறியுள்ள நாட்டுக்கும் இடம் உண்டு. 1957ஆம் ஆண்டில் ஸ்தாபனம் தோன்றியது முதல் இந்தியா அந்தச் சபையில் இடம்பெற்று வருகிறது. மக்கள்தொகையாலோ படைவலியாலோ வந்த இடம் அன்று இது. ஆய்வுக்கூடத்தால் வந்த இடம். டிராம்பேயில் வேலை நின்றால் வியன்னாவில் நாற்காலி ஆடும்.

ஒரு தனி மனிதர் தோளில் ஒரு நாட்டின் குரல் முழுவதையும் ஏற்றுவதில் ஆபத்து உண்டு. 1966ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் ஏர் இந்தியா விமானம் ஒன்று ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தருகே மோதி அழிந்தது. அதில் பாபா இருந்தார். சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் விஞ்ஞான ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்காக அவர் வியன்னா சென்றுகொண்டிருந்தார். தூது செல்லும் வழியிலேயே உயிர் நீத்தார். நாடு கலங்கியது. எனினும் வேலை நிற்கவில்லை. விக்ரம் சாராபாய் கமிஷன் தலைவரானார். 1970இல் அந்த ஸ்தாபனத்தின் பொது மகாநாட்டுக்கும் தலைமை வகித்தார். 1986இல் அதே பீடத்தில் ராஜா ராமண்ணா அமர்ந்தார். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் பயின்ற ஆர். சிதம்பரம் 1994-95இல் ஆளுநர் சபையின் தலைவராக விளங்கினார். பாபா விட்டுச் சென்ற பயிற்சிப் பள்ளியும் ஆய்வுக்கூடமும் அவருக்குப் பின்னும் தூதரை அளிக்க வல்லனவாக இருந்தன.

இரண்டாவது ஆபத்து நட்பைப் பற்றியது. விஞ்ஞானிகளின் நட்பினால் கதவுகள் திறக்கும். ஆனால் அரசுகள் அவற்றை மூடவும் கூடும். கனடா தந்த ஸைரஸ் உலையில் பிறந்த புளூட்டோனியத்தைக் கொண்டு 1974ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பொக்ரானில் இந்தியா வெடிச்சோதனை நடத்தியது. அது சமாதான நோக்குடையது என்றது இந்தியா. வாக்குறுதிக்கு மாறானது என்றது கனடா. ஒத்துழைப்பு நின்றது. நிபுணர் நயமாகக் காத்த ஒரு வாசகத்தின் நெகிழ்வு, பின்னாளில் வேறு நோக்கத்துக்கும் இடமளிக்கக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று. அந்த நோக்கத்தை முடிவு செய்ய வேண்டியவர் அரசாங்கமும் மக்களும் அன்றோ? கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுப்பிய வினாவின் கனம் இங்கே நன்கு தெரிகிறது.

கதவு மூடியபோது நாட்டைக் காத்தது எது? 1969ஆம் ஆண்டு பிரான்சுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி இந்தியப் பொறியாளர் குழு ஒன்று தென் பிரான்சிலுள்ள கதராஷ் என்னும் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றது. அங்கிருந்த 'ராப்சொதி' ஈனுலையைக் கற்று, அதை அடியொற்றிக் கல்பாக்கத்தில் ஒரு சோதனை ஈனுலை அமைப்பது நோக்கம். 1974க்குப் பின் அதற்கு வேண்டிய செறிவூட்டிய யுரேனியம் கிட்டாமற்போயிற்று. ஆனால் கற்று வந்தவர்களின் அறிவை எவரும் திருப்பிக் கேட்க முடியாது. புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை நம்மவர் இங்கேயே உருவாக்கினர். 1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கல்பாக்கத்து உலை இயங்கத் தொடங்கிற்று. மகாநாட்டு மேடையில் ஒருவர் பெறும் புகழினும், பட்டறையில் பலர் பெறும் பயிற்சியே நிலைத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இனி அணு இணைப்பு ஆராய்ச்சிக்கு வருவோம். பாபா குறித்த 20 ஆண்டுகள் 1975இல் கடந்தன. அவர் சொன்னது நிறைவேறவில்லை. ஒரு நாடு தனித்துச் செய்ய இயலாத அளவு அந்த வேலை பெரிது என்பது அதற்குள் தெளிவாயிற்று. 'ஈட்டர்' என்னும் மாபெரும் சோதனை உலையைப் பல நாடுகள் கூடி அமைக்க முடிவு செய்தன. அதன் இடம் அதே கதராஷ். 2005ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் வெளியிட்ட கூட்டறிக்கையில் இந்தியா இதில் சேருவது பற்றிய குறிப்பும் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியா முழுப் பங்காளியாயிற்று. 2006ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் பாரிஸ் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அரசியல் அமைச்சர் அல்லர். அணுசக்திக் கமிஷன் தலைவர் அனில் ககோட்கர். அதே காலத்தில் அமெரிக்காவுடன் நடந்த மற்றொரு பேச்சில், கல்பாக்கத்து ஈனுலைகளைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்காதவாறு காத்ததும் இந்திய விஞ்ஞானிகளின் வற்புறுத்தலே. 1956இல் நியூயார்க்கில் எழுந்த அதே நடுப்படி வாதம் 50 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒலித்தது. தோரியத்தின் காலமோ இன்னும் வணிக அளவில் வந்துவிடவில்லை.

ஈட்டர் அமைப்பில் பிரதிநிதித்துவம் வேறு வடிவம் கொண்டது. ஒவ்வோர் உறுப்பினரும் அதன் மன்றத்துக்கு நால்வர் வரை பிரதிநிதிகளை நியமிக்கலாம். மன்றம் ஆண்டுக்கு இருமுறையேனும் கூட வேண்டும். விஞ்ஞான, தொழில்நுட்ப ஆலோசனைக் குழு தனியே உண்டு. அதன் முதல் தலைவராக இருந்தவர், காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தை வளர்த்த பிரதிமான் கிருஷண் கௌ. இங்கே நுட்பமான ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். மன்றத்தில் அமரும் இந்தியர் அரசின் குரலாகப் பேசுகிறார். ஈட்டர் ஸ்தாபனத்தின் ஊழியராகப் பணிபுரியும் இந்தியரோ எந்த அரசிடமும் கட்டளை பெறக்கூடாது. அவர் வேலைக்கே ஊழியர். ஒரே நாட்டின் இரு நிபுணர்கள் ஒரே வளாகத்தில் இருவேறு கடமைகளைச் செய்கின்றனர். இவ்வேறுபாட்டைக் காப்பதே நேர்மை.

கட்டுமானச் செலவில் இந்தியாவின் பங்கு சுமார் 9 விழுக்காடு. ஐரோப்பியக் கூட்டமைப்பின் பங்கு ஏறத்தாழ 45 விழுக்காடு. பங்கின் பெரும்பகுதியைப் பணமாகச் செலுத்தாமல் பொருளாகச் செய்து தர வேண்டும். உலை முழுவதையும் தன்னுள் அடக்கும் குளிர்கலம் இந்தியாவின் பொறுப்பு. அதன் எடை ஏறத்தாழ 3,850 டன். அகலமும் உயரமும் 30 மீட்டரை எட்டுவன. குஜராத்தில் ஹஜீராவில் அதன் பகுதிகள் செய்யப்பட்டுக் கப்பலேறின. கடைசிப் பகுதி 2020ஆம் ஆண்டில் புறப்பட்டது. 9 விழுக்காடு தந்தவர்க்கும் ஆராய்ச்சியில் விளையும் அறிவு பொது என்பது உடன்படிக்கை. ஆனால் அந்த அறிவை வாங்கிக்கொள்ளும் ஆட்களை அனுப்பாத நாட்டுக்கு, பொது என்ற சொல் ஏட்டளவில் நின்றுவிடும். 2024இல் வெளியிடப்பட்ட புதிய காலக்கணக்கின்படி ஈட்டரின் ஆராய்ச்சி இயக்கம் 2034இல் தொடங்கும். இன்று நியமிக்கப்படுபவர் ஓய்வுபெற்ற பின்னும் வேலை நடந்துகொண்டிருக்கும். ஆகவே, முதியவரோடு இளையவரையும் அனுப்பும் அரசே அறிவுள்ள அரசு.

இவ்வரலாற்றிலிருந்து நிபுணரை நியமிக்கும் அரசு எண்ணிப் பார்க்க வேண்டியவை மூன்று எனலாம். முதலாவது, அவருக்குப் பின்னால் இயங்கும் ஆய்வுக்கூடம் இருக்க வேண்டும். பழம்பெருமை மட்டும் உடையவர் அவையில் மரியாதை பெறுவார். பேரத்தில் பலம் பெறார். இரண்டாவது, அரசின் நோக்கம் அவருக்குத் தெளிவாகத் தரப்பட வேண்டும். எப்படிச் சொல்வது என்பது அவர் உரிமை. எதற்காகச் சொல்வது என்பது நாட்டின் உரிமை. மூன்றாவது, திரும்பி வந்ததும் அவர் கணக்குச் சொல்ல வேண்டும்: அரசுக்கு அறிக்கையாக, சட்டசபைக்கு விளக்கமாக, மக்களுக்கு எளிய மொழியில். துறையின் நுட்பம் இந்தக் கடமைக்கு விலக்கு ஆகாது.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இச்செய்தி தொலைவான ஒன்றன்று. செம்பூரில் குடியிருப்பவர்க்கு டிராம்பே அடுத்த ஊர். அகமதாபாத்தில் இருப்பவர்க்குக் காந்திநகர் அண்மை. சூரத்தில் தொழில் புரிபவர்க்கு ஹஜீரா கூப்பிடு தூரம். பிறந்த ஊரின் பெயரையும் வாழும் ஊரின் பெயரையும் ஒருங்கே சுமப்பவர்கள் நீங்கள். ஓர் இடத்தின் குரலை மற்றோர் இடத்தில், இரண்டுக்கும் ஊறு வாராமல், பேசுவது எத்துணைக் கடினம் என்பதை நாள்தோறும் அறிவீர்கள். நாட்டுக்காக வியன்னாவிலும் கதராஷிலும் அமர்ந்திருப்பவரின் வேலையும் அத்தகையதே. அவரை மதிப்போம், அங்கே என்ன பேசினீர், எதை ஏற்றீர், எதை மறுத்தீர் என்று கேட்கவும் கற்போம். கேட்கத் தெரிந்த குடிமக்களை உடைய நாட்டின் தூதருக்கே அயல் அவையில் குரல் ஓங்கும்.